ஏழரை எழுத்து

பால்மா ரின்னுக்குள் பதினொரு கசற்.
ஒன்றில் மட்டும் நீலப் பேனை:
"எழுத்து 3. அழிக்காதை."
கோண்டாவிலில் வீடு இடித்தவர்கள்
பழைய இரும்போடு அதையும் நிறுக்கக் கொண்டுபோகும் வழியில்
போன் திருத்த என் கடையில் நின்றார்கள்.
போனுக்குக் காசு வாங்கவில்லை.
ரின்னை வாங்கினேன்.

பிளேயரின் பெல்ற் உருகித் தாராகியிருந்தது.
சைக்கிள் ரியூப்பை மெல்லிசாக வெட்டிப் போட்டேன்,
இழுத்து இழுத்து ஓடியது,
பிறகு கொழும்பிலிருந்து சரியானதை எடுப்பித்தேன்.
ஸ்பிரிட்டில் பஞ்சு நனைத்து ஹெட்டைத் துடைத்து
பக்கத்திலிருந்த சின்ன ஆணியைக் கால்வட்டம் திருப்ப
மங்கலாய் முனகிக்கொண்டிருந்தது
சட்டென்று தகரத்தைக் கீறியது.
தையற்கடைத் தவமலர் சுவரில் தட்டினாள்.
அந்தச் சத்தத்துக்காகத்தான் ஒன்பது நாள்.

செக்கனுக்கு முப்பது பைற்.
ஓர் எஸ்.எம்.எஸ். அளவைச் சொல்லி முடிக்க
அதற்கு ஐந்து செக்கன் வேண்டும்.
என் லப்ரொப் பொறுமையாய்க் கேட்டு
செத்துப்போன மெஷின் ஒன்றைப் போல நடித்தது.
கறுப்புத் திரை. துடிக்கும் ஒரு கட்டம்.
"க" அடித்தேன். "க" வந்தது,
எட்டுக்கெட்டுக் கட்டத்துள் முழங்காலை மடக்கி,
மினிபஸ் கடைசிச் சீற்றில் இடம்பிடித்த ஆளைப்போல.
"ங"வும் வந்தது.
ஒரு வேலையுமில்லாத ங.
அதற்கும் எட்டுப் பைற் செலவழித்திருக்கிறார் மனிசன்!

"ந" வரவில்லை.

அலையைப் பெருப்பித்துப் பார்த்தேன்.
நடுவில் இரண்டு செக்கன் வேறொரு வடிவம்.
ஆரோ சிவப்புப் பொத்தானை அமத்திவிட்டு எடுத்திருக்கிறார்கள்.
ஒரு பெண்பிள்ளை:
"இதென்ன பாட்டு, பல்லுக் கூசுது!"

இரண்டு செக்கன், அறுபது பைற்.
எழுத்துக்கு எட்டாய்ப் பிரித்தால் ஏழரை.
ந ப ம ய ர ல வ,
அதன்பின் ழவின் தலை.
ஏழரை என்றால் சனி, தானாய் விட்டுப்போகும் என்றாள் தவமலர்.

யாழ்ப்பாணம் என்று அடித்துப் பார்த்தேன்.
வெறுங்கட்டம், பக்கத்தில் ஓர் அரவு.
தலையில்லாத ழ, ஆனாலும் மேலே குற்று.
வெறுமைக்கு ஒரு குற்று.
திரும்ப வெறுமை, திரும்ப அரவு.
ண மட்டும் முழுசாய், அந்த நெருக்கத்திலும் மூன்று சுழியோடு.
கடைசியில் ஒன்றுமில்லாததன் மேல்
இன்னொரு குற்று.

ரின் மூடியின் உட்பக்கம் பெயர் கீறியிருந்தது:
சி. கருணைநாதன்.
மூன்று உறவுக்காரரைத் தாண்டி, பேர்கனில், பஸ் ஓட்டுகிறார்.
குரலை அனுப்பினேன்.
நெடுநேரம் நீலச் சரி மட்டும்.
பிறகு:
"எங்கடை வீட்டிலை பெட்டையள் இல்லை.
ஆரெண்டு தெரியேல்லை."

மறுநாள் கட்டக்கொப்பித் தாளில்
ஏழரையையும் திருப்பிக் கீறி அனுப்பினார்.
ம வடிவாய்த்தான் இருந்தது.
ஆனால் அது அறுபத்து மூன்று வயதின் ம,
அகலமாய், காலை நீட்டி இருந்தது.
அந்த மினிபஸ்ஸில் ஏறாது.

"அதைப் போட்டு மூடன்," தவமலர் சொன்னாள்,
"ஓட்டைச் சட்டைக்கு நான் ஒட்டுப் போடுறனான்தானே?"
சரியான கேள்வி.
கடை பூட்டும்வரை என்னிடம் மறுமொழி இல்லை.

மூன்று பைலாய்ச் சேமித்தேன்.
ரேப்பில் இருந்தபடியே ஒன்று,
ஓட்டையோடும் பெட்டையோடும்.
ஒட்டுப் போட்டது இன்னொன்று, அது நன்றாய் ஓடும்.
கடைசியாய், அந்த இரண்டு செக்கன் தனியாக.
அதைச் சேமிக்கும்போது
ஆருடையது என்று ஒரு பெட்டி கேட்டது.
தெரியாது என்று அடித்தேன்.
முதலாம் பைலில் அந்தச் சொல்லும் முழுசாய் வராது,
ர இல்லை, ய இல்லை.

இன்னும் பத்துக் கசற் கிடக்கிறது.
ஒன்றில் பூஞ்சணம்.