காற்றுக்கு ஒரு பத்தி

படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் சின்ன அறை என்னுடையது.
புந்தா அரேனாஸ்.
உலகப்படத்தைச் சுவரில் மாட்டினால்
கீழ் ஆணி அடிக்கிற இடம்.

காலை ஆறரைக்குக் காற்றின் வேகத்தை நோட்டில் எழுதுவேன்.
அளவு மீறினால் துறைமுகம் மூடல்.
லாரிக்காரர்கள் என்னைத் திட்டுவார்கள்,
காற்றை நான்தான் பெற்றுப்போட்டதுபோல்.

இருபத்தாறாம் வாரத்தில்
அந்த இனிப்புத் தண்ணீரைக் குடிக்க வைத்தார்கள்.
எலுமிச்சைச் சுவை என்று புட்டியில் எழுதியிருந்தது.
எலுமிச்சைக்கு அந்த விஷயம் தெரியாது.
இரண்டு மணி நேரம் நாற்காலியை விட்டு எழக் கூடாது.

"சர்க்கரைதான் யாஸ்னா," என்றாள் மருத்துவச்சி ஒரியானா.
"கர்ப்பத்தோடு வந்தது.
பெரும்பாலும் கர்ப்பத்தோடு போய்விடும்."
பெரும்பாலும் என்ற சொல்லை மட்டும்
கொஞ்சம் வேகமாகச் சொன்னாள்.

வாயும் வயிறுமாய் இருக்கிறவளிடம்
வாயைக் கட்டு என்றால்
மிச்சம் வயிறுதான்.

நோட்டில் இன்னொரு கோடு போட்டேன்.
இடப்பக்கம் காற்று, வலப்பக்கம் நான்.
28. 94.
41. 131. துறைமுகம் மூடல்.
19. 88. அன்று யாருக்கும் எங்களால் தொல்லையில்லை.

சாயங்கால ரொட்டிதான் கொன்றது.
ஏழு மணிக்கு இந்த ஊரில்
எந்தக் கதவைத் திறந்தாலும் ரொட்டி வாசனைதான் முதலில் வெளியே வரும்.
மாமியார் தோன்கா கால் ரொட்டியை என் தட்டில் வைத்துவிட்டு
மீதி முக்காலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.
"ஒல்லியாய்ப் பிறக்கும்."
"குண்டாய்ப் பிறந்துவிடுமோ என்றுதான் பயம்."
அதிலென்ன பயம் என்பதுபோல்
வெண்ணெயை என் பக்கம் நகர்த்துவாள்.

எந்த நாள் எந்த விரல் என்று மறந்துபோகும்.
கடல் உப்பு பட்டால் எல்லாமே ஞாபகம் வரும்.
ஒருமுறை அக்கரைக்குப் போகும் ஆட்டுக்காரர் ஒருவரின் டிக்கெட்டில்
என் ரத்தம் ஒரு புள்ளி ஒட்டிக்கொண்டது.
அவர் பார்த்தார். மாற்றிக் கேட்கவில்லை.

புயலின் மூன்றாம் நாள்
ரமீரோவின் நண்டுப் படகிலிருந்து தகவல் இல்லை.
அலமாரியில் கலஃபாத்தே ஜாம்,
இங்கே முள்புதரில் காய்க்கும் கருநீலப் பழம்.
கரண்டி தேட நிற்கவில்லை.
குத்தாத விரல் ஒன்றை மட்டும் தேடி எடுத்து
பாதிப் புட்டியை வழித்தேன்.

இயந்திரம் 187 என்றது.
நான் 127 என்று எழுதினேன்.
காற்றைப் பற்றி ஒருநாளும் பொய் எழுதியதில்லை.

வியாழக்கிழமை ஒரியானா நோட்டைப் படித்தாள்.
பிறகு இயந்திரத்தை வாங்கி
ஒரு பொத்தானை அழுத்தி அழுத்திப் பின்னால் போனாள்.
அதற்கு ஞாபகசக்தி உண்டென்று
யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

"அன்றைக்குக் காற்று எவ்வளவு?"
"அறுபத்திரண்டு."
"படகு?"
"மறுநாள் வந்தது."

இரண்டை எட்டாகத் திருத்தினாள்.
இன்சுலின் ஊசியை எப்படிப் பிடிப்பதென்று காட்டினாள்.
இரவில் நாலு யூனிட். வயிற்றுச் சதையைக் கிள்ளிக்கொள்ள வேண்டும்.
முதல் இரவு கிள்ளினேன்.
உள்ளேயிருந்து திரும்ப உதைத்தது.
ரமீரோ சிரித்தான். நான்
சிரிப்பு அடங்கும்வரை ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் பிறந்தாள். மூன்று கிலோ நானூறு.
தோன்காவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

முதல் பால் குடித்து முடித்ததும்
அந்தக் குதிகாலைக் குத்தினார்கள்.
ஒரு கணம் யோசித்தாள்,
பிறகு மூன்று மாடிக்கும் கேட்க அழுதாள்.
ஐம்பத்திரண்டு என்றார்கள். நல்ல எண் என்றார்கள்.

நோட்டு துறையில் இருந்தது.
கோட்டுப் பையில் ஒரு பழைய டிக்கெட் கிடைத்தது.
அதன் முதுகில், வலப்பக்கம், 52 என்று எழுதினேன்.

பிறகு ஜன்னலைப் பார்த்தேன்.
தெருமுனையில் காற்றுக்காகக் கட்டிய கயிற்றை
இன்னும் அவிழ்க்கவில்லை.
ஒரு கிழவர் அதைப் பிடிக்காமலே நடந்து போனார்,
தொப்பியை மட்டும் பிடித்துக்கொண்டு.

இருபது இருக்கும்.
இடப்பக்கம் எழுதினேன்.