ஒரு தட்டு அதிகம்

லீல் நகரம். செவ்வாய், காலை ஒன்பதரை.
நான் பட அட்டை காட்டுவேன்.
ரெஜிஸ் வான்தாம் பெயரைச் சொல்லவேண்டாம்,
எத்தனை அசையோ அத்தனை முறை
மேசையில் தட்டினால் போதும்.

பக்கவாதம் அவருக்கு விட்டுவைத்தது
இடக்கையையும் ஒரு கெட்ட வார்த்தையையும்.
அந்த வார்த்தை ஓரசை. பிசகாமல் வரும்.

கால்சட்டை: பான்-த-லோன். மூன்று தட்டு. சரி.
குடை: பா-ரா-ப்ளுயி.
ப்-பையும் ல்-லையும் பிரிக்கப் பார்த்தார்.
முடியாது முசியே,
அவை இரண்டும் ஒரே குடையில் போகிறவை என்றேன்.
பாதி முகம் சிரித்தது.

ஜன்னல்: ஃப-னெ-த்ர.
எழுத்தில் மூன்று, எங்கள் வாயில் இரண்டு,
அவசரமென்றால் ஒன்றே ஒன்று.
சொல்லின் கடைசி எகரம்
குற்றியலுகரத்தைவிடக் குறுகியது;
குளிருக்குக் கதவைச் சாத்துவதுபோல்
அதைச் சாத்தியே பழகிவிட்டோம் வடக்கத்தியர்.

மெய்க்குத் தனியே நிற்கப் பிடிக்காது.
பின்னால் ஓர் உயிர் வந்தால்
சொல் முடிந்ததா என்றுகூடப் பாராமல்
அதனோடு கிளம்பிவிடும்.
'லே' தனியே வெறும் லே.
அடுத்து 'அமி', நண்பர்கள், வந்தால்
லே-ஸ-மி.
யாரும் வராத நாளில் அந்த ஸ்
எழுதிய இடத்திலேயே பேசாமல் கிடக்கும்.
ரெஜிஸைப் பார்க்கவும் அதிகம் பேர் வருவதில்லை.

கடைசியாக ஒரு புகைப்படம் வைத்தேன். மனைவி.
கோப்பில் பெயர்: ஸொலான்ஜ்.
வரவேண்டியது இரண்டு.
மூன்று தட்டினார்.
மறுபடியும் மூன்று.
விரலைப் பிடித்து இரண்டோடு நிறுத்தினேன்.
விடுவித்துக்கொண்டு
மூன்றாவதை, மேசை அதிராமல்,
ஒரு கோப்பையை வைப்பதுபோல் வைத்தார்.
'அசைப் பகுப்பு: பிழை' என்று எழுதினேன்.
நான்கு வாரம் அதையே எழுதினேன்.

ஐந்தாம் செவ்வாய் டாக்ஸி வரவில்லை,
அவளே அழைத்து வந்தாள்.
ஈரக் கோட்டு, வாயில் கவ்விய பார்க்கிங் சீட்டு.
பெஸியேக்காரி. தெற்கு.
முப்பத்தாறு வருஷம் இந்த மழையில் நனைந்தும்
நாக்கு மட்டும் நனையாதவள்.
சீட்டை எடுத்துவிட்டுச் சொன்னாள்:
நான்தான் ஸொ-லான்-ஜ.

புள்ளி போயிருந்தது.
நாங்கள் சாத்திவைத்த மெய்க்குள்
உயிர் வந்து உட்கார்ந்திருந்தது.

நான் கோப்பைத் திறந்தேன்,
நான்கு பிழைகளை அடித்தேன், நான்கும் என்னுடையவை.
ரெஜிஸ் என்னையே பார்த்திருந்துவிட்டு
தன்னிடம் மிச்சமிருந்த அந்த ஓரசையைச் சொன்னார்,
பிசகாமல்.

என்ன வார்த்தை அது என்று கடிந்தபடி
அவள் அதைத் திருப்பிச் சொன்னாள்.
அவள் வாயில்
அது ஈரசை.