படத்தில் விழாதது

மோட்டார்சைக்கிள் இடித்த ஆட்டைத்
தோளில் போட்டுக்கொண்டு வந்தார் அங்கமுத்து.
சிமெந்து நிறம். பேரும் சிமெந்து.
பாகாவ் கடைவரிசையில்
டயர் கடைக்கும் நாலு நம்பர் கடைக்கும் நடுவே எங்கள் கிளினிக்;
செம்பனைக் குலை ஏற்றிய லோரி போகும்போதெல்லாம்
மேசைமேல் மருந்துக் குப்பிகள் ஒன்றையொன்று இடிக்கும்.

இடுப்பெலும்பு பார்க்கணும் என்றார் டாக்டர் லிம்.
ஈய மேலங்கி எனக்கு.
என் சட்டையில் குத்திய வில்லை
மாதாமாதம் தலைநகருக்குப் போய்
நான் வாங்கிய கதிருக்குக் கணக்கு கொண்டுவரும்.
சிமெந்துக்கு வில்லை இல்லை.
"சினையா?"
"கடா பக்கமே விடலம்மா."
ஆட்டிடம் மூச்சை அடக்கு என்று சொல்ல முடியாது.
அழுத்தினேன்.
எலும்பு முறியவில்லை.

அதற்கு ஒன்பது நாள் முன்பு
பக்கத்து லயத்துக் கடா வேலி தாண்டியிருக்கிறது.
வயிறு சரிந்த பிறகுதான் தெரிந்தது.

பழைய பாடப்புத்தகத்தை எடுத்தேன்.
எலிகள். எண் போட்ட எலிகள்.
உறுப்புகள் உருவாகும் நாளில் கதிர் பட்டவற்றின் குட்டிகளுக்கு
மண்டை மூடாமல் மூளை வெளியே மலர்ந்திருந்தது.
அதற்கும் முன்னே, கரு எங்கும் ஒட்டாமல்
மிதந்துகொண்டிருந்த நாளில் பட்டவற்றுக்கோ
பிறந்த குட்டிகளில் குறையே இல்லை.
எண்ணிக்கைதான் குறைவு.

செல்கள் இன்னும் வேலை பிரித்துக்கொள்ளாத நேரம் அது.
ஒன்று செத்தால் பக்கத்தில் இருப்பது
அதன் பங்கையும் பார்த்துக்கொள்ளும்,
ஆள் வராத காலையில்
அடுத்தவள் நிரையையும் சேர்த்து வெட்டுகிற மாதிரி.
பாதிப்பேர் வராவிட்டால் தோட்டமே மூடிவிடும்.
முழுதாகப் பிழைக்கும்.
இல்லையென்றால் இருந்த சுவடே இருக்காது.

அந்த எலிகள் வாங்கியது
என் மெஷின் கொடுப்பதைவிடப் பல நூறு மடங்கு.
நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும்.
சொல்லிக்கொண்டேன், நாலைந்து தடவை.

ஐந்தாம் மாதம் சிமெந்து ஈன்றது. ஒரு குட்டி.
காது இரண்டு, கண் இரண்டு,
பிளந்த குளம்பு எட்டு. விரல்விட்டு எண்ணினேன்.
"போன ரெண்டு ஈத்தும் ரெட்டைங்க" என்றார் அங்கமுத்து,
குறையாகச் சொல்லவில்லை,
மழை இன்னும் வரலையே என்பதுபோல.
பதிவேட்டில் பிறந்ததற்குக் கட்டம் உண்டு,
இறந்ததற்கும் உண்டு.
வராததற்குக் கட்டம் இல்லை.

உடைந்த ஜன்னல் கண்ணாடிக்குப் பதில்
அந்த எக்ஸ்ரே படத்தை ஒட்டி வைத்திருக்கிறார்.
வெயில் சிமெந்தின் இடுப்பு வழியாக வந்து
தரையில் நீலமாக விழுகிறது.
"இதுல எந்த எடத்துலம்மா இருந்திருக்கும்?"

இரண்டு எலும்புக்கும் நடுவே
சாம்பல் படர்ந்த இடத்தில் விரலை வைத்தேன்.
நுனியே அதற்கு அதிகம்.
இன்னும் கொஞ்சம் தள்ளி
வைத்திருக்கலாமோ என்று
எடுக்காமல் நின்றேன்.
கீழே குட்டி
என் செருப்பு வாரைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது.