நீட்டிய கை

முழங்கையை மடக்கக் கூடாது.
ஒரு துளி சிந்தக் கூடாது.
சிரிக்கலாம், ஆனால் சிரித்தவர்கள்தான்
போன வருசம் முதலில் தோற்றார்கள்
என்று ஒலிபெருக்கியில் சொல்கிறார் லோத்தார்,
தீயணைப்புப் படைத் தலைவர்,
இந்த ஊரில் என் கத்தரிக்கோல்
இன்னும் தொடாத ஒரே தலை.
மொட்டை.

ஷ்ட்ரௌபிங்கில் ஓகஸ்ட் மாதம்.
கூடாரம் முழுக்க வியர்வை, பொரித்த கோழி,
பித்தளை வாத்தியங்களின் ஏப்பம்.
மேடையில் ஏழு பெண்கள் நாங்கள்.
ஆளுக்கொரு லீற்றர் குவளை,
விளிம்பு முட்டப் பியர்.
"நான் குடிக்கிறதில்லை" என்றேன்.
"குடிக்கவா சொன்னோம்,
பிடிக்கத்தானே" என்றார்கள்.

நீட்டினோம்.
ஏழு கைகள், ஏழு நுரைத் தொப்பிகள்.

முதல் நிமிடம் ஒன்றுமேயில்லை.
கூட்டத்துக்கு மேலால் வேடிக்கை பார்த்தேன்.
அங்கே ஒரு மரக்கட்டையைச் சுற்றி ஆண்கள்,
சுத்தியலின் மெலிந்த முனையால்
ஆணி இறக்குகிற போட்டி.
என் புருசன் ஞானரூபன்,
வரிக் கணக்கில் ஒரு சதம் தவறவிடாதவன்,
ஆறு அடி அடித்தான்.
ஐந்து மரத்துக்கு.
ஒன்று பெருவிரலுக்கு.

கலியாணப் பெண் என்று பட்டி கட்டியவள்
குவளையை வைத்தாள்.
பிறகு அவளுடைய தோழி,
பிறகு தோழியின் தோழி,
கோயில் மணி அடித்தாற்போல ஒருவர் பின் ஒருவராக.

இரண்டரை.

மிச்சமிருந்தவர்களை எனக்குப் பின்னாலிருந்துதான் தெரியும்.
மார்லீஸுக்கு இரட்டைச் சுழி.
மருந்துக்கடைக் கொர்டூலாவின் நரை
நாற்பதாம் நாள் எட்டிப் பார்க்கும்,
அது எனக்கும் சாயக் குழாய்க்கும் மட்டும் தெரிந்த விசயம்.
இறைச்சிக்கடை ஹில்ட்ருட்டின் காதுக்குப் பின்னால்
ஒரு தையல் தழும்பு.
எப்படி வந்ததென்று மூன்று வருசத்தில்
மூன்று கதை சொல்லிவிட்டாள்.
மூன்றையும் நம்பினேன்.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுண்டு.
பதினான்கு வருசமாக இந்த வலது கை
தலைக்கு மேலே, அந்தரத்தில்,
சூடு காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.
வாரத்தில் ஐந்து நாள்.
காற்றையே பிடித்தவளுக்குக் கண்ணாடி என்ன பாரம்?

என்றெல்லாம் பெருமை
மூன்றாவது நிமிடம் வரைக்கும்.

பிறகு தோளில் ஓர் எறும்பு.
பிறகு புற்று.
பிறகு யாரோ அந்தப் புற்றுக்கு மேல்
இஸ்திரிப் பெட்டி வைத்தார்கள்.

மார்லீஸ் வைத்தாள். கொர்டூலாவும்.
நானும் ஹில்ட்ருட்டும்.
அரைப் பன்றியைத் தனியே கொளுவியில் தூக்கிப் போடுகிறவள்.
மூச்சு வாங்கவில்லை, கண் சிமிட்டவில்லை.
உதடு அசையாமல் கேட்டாள்:
"செவ்வாய்க்கிழமை இடமிருக்கா?"

"பத்தரைக்கு."

"கொஞ்சம் வடிவாச் செய்துவிடு. கலியாணம்."

"ஆருக்கு?"

"எனக்கு."

அறுபத்தொரு வயது.
குவளை கொஞ்சம் ஆடியது. சமாளித்தேன்.
கேட்டிருக்கக் கூடாது, கேட்டேன்:
"மாப்பிள்ளை?"

அவள் கையை அசைக்காமல்
கண்ணை மட்டும் திருப்பிக் காட்டினாள்.
எங்கள் குவளைகளுக்குக் கீழே குனிந்து,
கடிகாரமும் கையுமாய்,
விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று,
லோத்தார்.

முதலில் மூக்கால் வந்தது சிரிப்பு.
பிறகு தோளால்.
பிறகு அரை லீற்றர் பியர்
முழங்கை வழியாக என் சட்டைக்குள் இறங்கியது.

"நாலு நிமிடம் பதினொரு செக்கன்!" என்று
அந்த மனிதர் எதுவும் அறியாத முகத்தோடு கத்தினார்.
ஹில்ட்ருட் இன்னும் நீட்டியபடியே நின்றாள்,
நாலாவது கதை சொன்னவளைப் போல.

இரண்டாம் பரிசு பத்துப் பியர்ச் சீட்டு.
கட்டுப் போட்ட பெருவிரலோடு ஞானரூபன்
பத்தையும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்தான்.
நான் எலுமிச்சைச் சோடா குடித்தேன்,
இடக்கையால்.

செவ்வாய்க்கிழமை.
பொய்யென்று தெரிந்தும் கதிரையைத் துடைத்து வைத்தேன்.
பத்தரைக்கு வாசல் மணி.
முதலில் உள்ளே வந்தது மொட்டைத் தலை,
தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, வெட்கத்தோடு:

"அவள் பின்னால் வருகிறாள்.
எனக்குப் புருவம் மட்டும்."

வலது கை இன்னும் தோளுக்கு மேலே எழவில்லை.
குனியச் சொன்னேன்.