முள்ளு யாருது

குண்டாறு கடலைத் தொடுகிற இடத்தில்
கரைக்குக் கரை முப்பது பாகம்கூட இருக்காது.
மேற்கே நான். கிழக்கே பெர்க்மான்ஸ்.
கொடுவாவுக்கு வெளிச்சம் ஆகாது,
இருவருமே டார்ச் அடிப்பதில்லை.
இருமலை வைத்து அவன் என்று தெரியும்.
பீடி நெருப்பு நகர்வதை வைத்து
தூண்டிலைப் போடுகிறானா எடுக்கிறானா என்று தெரியும்.
பேசி மூன்று வருஷம் ஆகிறது.

ஒரு பழைய யமஹா எஞ்சின்,
நாற்பத்திரண்டாயிரம் ரூபாய்.
யார் யாருக்குத் தரவேண்டும் என்பதில்தான் தகராறு.
பங்குச்சாமியார் உட்காரவைத்துப் பேசினார்.
சங்கத்தில் இரண்டுமுறை கூட்டம் போட்டார்கள்.
மெல்சியா, எனக்கு மனைவி, அவனுக்குத் தங்கை,
சோற்றை வைத்துவிட்டு ஒருநாள் சொன்னாள்:
"அந்த எஞ்சினக் கடல்ல தூக்கிப் போட்டிருக்கலாம்."
தூக்குவதற்கும் இரண்டு ஆள் வேண்டும்.

அமாவாசைக்கு முந்தின இரவு.
வாடை விழுந்துவிட்டது. நீர் வற்றத் தொடங்கி
ஆற்றுக்குள் மேயப்போன மடவையெல்லாம்
கடலுக்குத் திரும்புகிற நேரம்;
வாசலில் கொடுவா காத்துக் கிடக்கும்.
உயிர் இறாலை வால்பக்கம் குத்தி
தலைக்குமேல் மூன்று சுற்றுச் சுற்றி எறிந்தேன்.
ஈயம் விழுந்த இடத்தில்
தண்ணீர் பச்சையாய் எரிந்து அணைந்தது.

இராத்தூண்டிலில் நேரம் என்பது
சுட்டுவிரல்மேல் ஒரு நரம்பு, அவ்வளவுதான்.
நண்டு என்றால் அரிக்கும்.
கெளுத்தி, சின்னப்பிள்ளை சட்டையைப் பிடித்து
இழுப்பதுபோல இழுக்கும்.
கொடுவா கதவை உதைக்கும்.

உதைத்தது.

துண்டு சுற்றிய உள்ளங்கையில்
தங்கூசி அறுத்துக்கொண்டு போனது.
விட்டேன், இழுத்தேன், விட்டேன்.
பத்துக் கிலோ இருக்கும்.
அடகில் கிடக்கும் வளையல்களில் ஒன்றை
மனசுக்குள் திருப்பியும்விட்டேன்.
அப்புறம்தான் பார்த்தேன்:
நரம்பு நீரைக் கிழித்த இடமெல்லாம் எரிந்தது,
அந்த நெருப்புக்கோடு ஆழத்துக்குப் போகவில்லை,
நேராக எதிர்க்கரைக்கு,
பீடி முனைவரைக்கும் போனது.

மீனில்லை. மச்சான்.

எனக்குத் தெரிந்தபோதே அவனுக்கும் தெரிந்திருக்கும்.
இருந்தும் இருவரும் விடவில்லை.
நான் இழுத்தால் அவன் இழுத்தான்.
எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது,
கொஞ்சநேரம் அது நன்றாக இருந்தது.

"முள்ளு என்னுது" என்றது இருட்டு.
"என்னுதும் அதுலதான் கெடக்கு."
"நீ விடு, நான் சிக்கெடுத்துக்கிறேன்."
"நீ விடு."
எஞ்சினுக்கும் இதையேதான் பேசினோம்,
வார்த்தை மாறாமல்.

அந்நேரம் நடுநீரில்,
ரெண்டு பேருக்கும் பொதுவாய்க் கிடந்த சிக்கலில்
மிச்சமிருந்த இறாலை
நிசமாகவே ஒரு கொடுவா கவ்வியது.
தண்ணீர் எழுந்து நின்றது, முழுக்க நெருப்பாக.
அது தலையை உதறிய சத்தம்
இரண்டு கரையிலும் கேட்டது.
இருவரும் இழுத்தால் அறுந்துவிடும்.
நாலு மூச்சு பார்த்தேன்.
அவனும் பார்த்திருப்பான்.
பிறகு நான் விரலைத் திறந்தேன்.
பெருந்தன்மை என்று நினைக்கவேண்டாம்,
என் பக்கம் பாறை, அவன் பக்கம் மணல்.
கட்டை உருண்டு தீர்ந்து
கடைசி முனையும் கையைவிட்டுப் போனது.
எதிரே ஈரமணலில் வால் அறைந்தது,
ரொம்பநேரம் அறைந்தது.
பீடி அணைந்திருந்தது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

காலையில் கதவுக் கொண்டியில் ஒரு மஞ்சள் பை.
உள்ளே தலைப்பாதி.
செவுளைத் திறந்த மெல்சியா என்னைக் கூப்பிட்டாள்.
கீழ்த்தாடையில் முள் அப்படியே இருந்தது,
அதன் கண்ணில் நான் போடுகிற முடிச்சு.
நரம்பை ஒட்ட நறுக்கியிருந்தான்.
முள்ளைக் கழற்றியிருக்கலாம், கழற்றவில்லை.

அவள் புளியைக் கரைத்தாள்.
"அப்ப எஞ்சின்?" என்றாள், திரும்பாமலே.
"தங்கூசி நூறு மீட்டர் அவன்ட்ட கெடக்கு" என்றேன்,
"கணக்குல அதையும் எழுதிக்க."