எடைப்பாலத்தில் பதின்மூன்றாம் பதிப்பு

கோலாலம்பூரில், சுவர் அளவு திரையில்
நான் வரைந்த படம் இது.
இருபத்தேழு கட்டங்கள், நாற்பத்தோரு அம்புகள்.
சியூ லிங் பார்த்துவிட்டு
ரயில் வரைபடம் மாதிரி இருக்கிறது என்றாள்.
பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இங்கே ஊத்தான் மெலிந்தாங்கில்,
செம்பனை ஆலை வாசலில், மழையில்,
ஒற்றைக் கோடு சிக்னலில்
அதே படம் என் கைப்பேசிக்குள் இறங்குகிறது
கஞ்சி வடிவது போல.
முதலில் வெறும் சாம்பல்.
பிறகு எறும்புச் சாரை.
இரண்டு விரலால் விரித்தால்
ஒரு கட்டமே திரையை அடைத்துக்கொள்கிறது,
அதன் அம்புகள்
கண்ணாடி விளிம்பில் குதித்துக் காணாமல் போகின்றன.
சுருக்கினால் எல்லாம் இருக்கிறது,
எதுவும் தெரியவில்லை.
மூலையில் ஒரு குட்டிப் பூட்டு:
பார்க்கலாம். கை வைக்க முடியாது.

எடைப்பாலத்தின் மேல் நிற்கிறது
காளியப்பனின் லாரி.
பழுக்காத குலை அதிகம் என்று
தரம் பார்க்கிறவர் கையெழுத்துப் போட்டு,
இறக்கியதைத் திரும்ப ஏற்றி
முக்கால் மணி ஆகிறது.
தடுப்புக்கட்டை எழவில்லை.
நோர்லைலா பொத்தானை அமுக்குகிறாள்,
மறுபடியும் அமுக்குகிறாள்,
என்னைப் பார்க்கிறாள்.
பின்னால் பதினோரு லாரிகள்.
அவற்றில் நல்ல பழம்,
வெட்டுப்பட்ட நேரத்திலிருந்து
புளித்துக்கொண்டிருக்கிறது.

காளியப்பன் இறங்கி வந்தார்,
தலையில் உரமூட்டைப் பிளாஸ்டிக்.
திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.
குனிந்து என் கைக்குள் பார்த்தார்.
"என்னாம்மா இது, தண்ணி பைப்பு படமா?"
இல்லண்ணே, இந்த மில்லோட படம்.
வர்ற லாரியெல்லாம் இதுக்குள்ளதான் ஓடுது.
"அப்ப நான் இப்ப எங்க நிக்கிறேன்?"

பதின்மூன்று பதிப்புகளில்
யாரும் கேட்காத கேள்வி.
தேடினேன். தள்ளித் தள்ளி,
'வருகை' தாண்டி, 'மொத்த எடை' தாண்டி,
'தரச் சோதனை'யில் இடப்பக்கம் ஒடித்து,
இங்கண்ணே. 'நிராகரிப்பு'.

அவர் தொட்டார்.
எண்ணெய்க் கறுப்பேறிய கட்டைவிரல்;
படம் வழுக்கிக்கொண்டு வேறெங்கோ ஓடியது.
சிரித்தார். பிடித்து இழுத்துவந்து கொடுத்தேன்.
இம்முறை கண்ணாடிக்கு ஒரு நூல் மேலே
நகத்தை நிறுத்தி
கட்டத்தைச் சுற்றி வந்தார்,
இருட்டில் சுவிட்சைத் தடவுகிறவர் மாதிரி.
"உள்ள வர கோடு இருக்கு.
வெளிய போக?"

சுவரில் அது தெரிந்திருக்காது.
நாற்பத்தோரு அம்புகளின் சந்தடியில்
வராத ஒன்றை யார் எண்ணுவார்கள்?
உள்ளங்கையில் ஒரே கட்டம்.
நாலு பக்கம். மூன்றில் வெறும் வெள்ளை.
கழுத்தில் இறங்கிய மழையை
நான் துடைத்துக்கொள்ளவில்லை.

நேப்பாளக் காவலர்
இரும்புக் கம்பியால் நெம்பிக் கட்டையைத் தூக்கினார்.
லாரி போயிற்று,
திருப்பி அனுப்பிய குலைகளோடு,
எந்தக் கட்டத்திலும் பதிவாகாமல்.

அன்றிரவு பசாருக்கு மேலே, விடுதி அறையில்,
கீழே யாரோ கோப்பி ஓ-வுக்குக் குரல் கொடுக்க,
மடிக்கணினியைத் திறந்து அம்பை வரைந்தேன்.
மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை.
அதற்கு ஒரு பெயர் வேண்டும் என்று அடம்பிடித்தது மென்பொருள்.
தூக்கத்தில் எதுவும் தோன்றவில்லை.
'காளியப்பன்' என்று தட்டி வைத்தேன்,
காலையில் மாற்றிக்கொள்ளலாமென்று.

திங்கட்கிழமை
பதினான்காம் பதிப்பு சுவரில் விரிந்தது.
சியூ லிங் கண்ணைச் சுருக்கினாள்:
யார் இது, புது மாட்யூலா?
லாரி, என்றேன். சிவப்பு ஹினோ.
பெயரை ஒழுங்காக வையுங்கள் என்றார் மேலாளர்.
சரி என்றேன்.

இப்போது ஓடுவது பதினாறு.
இன்னும் மாற்றவில்லை.