பத்தொன்பது நாள்

குளச்சல் துறைமுகத்தில் படகுகள்
தோளோடு தோள் இடித்து நிற்கும் தடைக்காலம்.
இடவப்பாதி மழை.
வலைக்கூடத்துத் தகரம் ஒழுகும் இடத்திலெல்லாம்
பெயிண்ட் வாளி வைத்தாயிற்று.
டஸ்டின் கிரேல்
உலக சாம்பியனாகத் தகுந்தவன்தானா என்று
மூன்றாவது நாளாக ஓடுகிறது வழக்கு.

கிளீட்டஸ் கையில் ஹோல்டன் ரூக்கின் முகம்
பச்சை குத்தியிருக்கிறது.
திருவிழாக் கடையில் குத்தியது, ஒரு கண் சரிந்திருக்கும்.
அந்தக் கையை நீட்டிச் சொன்னான்:
"பதினாலு வருசம் எல்லாவங்கிட்டயும் தோத்தவம்லே.
தோக்கதுக்குன்னே சம்பளம் வாங்கினவன்.
மைக்கைக் குடுத்தா நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிடும்.
ரூக்குக்க முட்டி பெயராம இருந்தா
இவனுக்கு ஆரு பெல்ட்டு குடுப்பா?
வெள்ளம் கோரப் போன எடத்துல
வெள்ளிக்கொடம் கெடச்ச கதை."

ததேயுஸ் நைலான் நூலைப் பல்லில் கடித்தபடி:
"விழத் தெரிஞ்சவன் மக்கா.
முதுவைப் பரத்தி, தாடையை நெஞ்சோட ஒட்டி,
தூக்கிப் போட்டவனுக்கு ஒரு நோவும் வராம.
ரூக்கை ரூக்கா ஆக்கினது ஆருன்னு நெனக்க?
இவன் அப்பிடி விழலன்னா
அவனுக்க பெலம் எவனுக்குத் தெரிஞ்சிருக்கும்?"

பாலிடெக்னிக் படிக்கிற ரெக்ஸ்லின்
போனிலிருந்து தலை தூக்காமல் சிரித்தான்.
"எல்லாம் எழுதி வச்சு நடத்துறது.
ஆரு செயிக்கணும்னு காலம்பறயே தெரியும்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது.
இரண்டு கட்சியும் ஒன்றாகி அவன் மேல் பாய்ந்தது.
எங்களுக்குத் தெரியாதா?
கேபிள் வந்த வருசத்திலிருந்தே தெரியும்.
எழுதி வைத்ததுதான்.
எழுதுகிறவனுக்குப் பதினாலு வருசமாக
ஒருவன் பெயர் ஞாபகத்துக்கு வரவில்லை,
அதுதானே வழக்கே.

"பத்தொம்பது நாளு" என்றான் கிளீட்டஸ்.
"ரூக்கு நொண்டிக்கிட்டே வந்தான்,
நாலு நிமிசத்துல திருப்பி வாங்கிட்டுப் போனான்."

"அந்தப் பத்தொம்பது நாளும் ஒரு எடம் விடாமப் போனாம்லே.
பாதி நாக்காலி காலியாக் கெடந்த ஊருக்கும் போனான்.
பெல்ட்டைத் தோள்ல போடல பாத்தியா,
ரெண்டு கையிலயும் வச்சிருந்தான்,
அடுத்தவன் பிள்ளையைப் பிடிச்சது மாதிரி."

மழை கொஞ்சம் வலுத்தது.
யாரோ கட்டன்சாயா வாங்கி வந்தார்கள்.
ஒரு டம்ளர் குறைந்தது, ததேயுஸ் வேண்டாமென்றான்.

"சிராங்கு சொல்லட்டு" என்றான் கிளீட்டஸ்.
சிராங்கு நான்தான்.

மாசியில் வின்ச் கயிற்றில் என் வலது கை சிக்கியது.
மணிக்கட்டில் இன்னும் கம்பி இருக்கிறது.
நான் ஆஸ்பத்திரியிலும் வீட்டிலுமாகக் கிடந்தபோது
என் இடத்தில் சுக்கான் பிடித்தவன் ததேயுஸ்.
அதற்கு முன் பதினாறு வருசம்
வலை இழுத்தான், ஐஸ் உடைத்தான்,
நான் தூங்கும்போது விழித்திருந்தான்.
அவன் ஓட்டிய நாட்களில் கணவாய் நன்றாகக் கிடைத்தது.
ஒரு தடவை வலை பாரில் கிழிந்தது.
கிழிந்ததைத்தான் முதலாளி பேசினார்.
ஜிபிஎஸ்ஸில் அவன் குறித்து வைத்த இரண்டு இடங்களை
நான் அழிக்கவில்லை.
கை ஆறி வந்த பிறகு அங்கேதான் போகிறேன்,
நானே கண்டுபிடித்தது போல.

"என்ன சிராங்கே, அருகதை உண்டா இல்லியா?"

விரல்களை மடக்கிப் பார்த்தேன்.
சுண்டுவிரல் வரவில்லை.
"ரூக்குக்கு முட்டி சரியாக எத்தன நாளாச்சு?"
என்று கேட்டேன்.

அதைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டு
கிளீட்டஸ் தொடையில் தட்டினான்.
ததேயுஸ் நிமிரவில்லை.
பிய்ந்த கண்ணியில் ஊசியை விட்டு
ஒரு முடிச்சு, இன்னொரு முடிச்சு.
பிறகு எழுந்து,
நிரம்பிவிட்ட வாளியைக் கொண்டுபோய்
வார்ப்பு விளிம்பில் கடலுக்குக் கவிழ்த்து
திரும்ப அதே ஒழுக்கின் கீழ் வைத்தான்.
வெறும் வாளியில் முதல் சொட்டு
சத்தமாக விழுந்தது.